எங்கிருந்து வந்தது இந்த எண்ணெய்?

நம் வீட்டிலுள்ள சோப்பு, பிஸ்கட், சாக்லேட், மீ பொட்டலம் ஆகியவற்றில் ஒன்றிலாவது செம்பனை எண்ணெய் இருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மரத்தின் நான்கு கன்றுகள் 1848இல் ஜாவாவின் போகோர் தாவரப் பூங்காவில் நடப்பட்டன. 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவில் முதன்முதலாக அதை வணிகப் பயிராக நட்டார். ரப்பரையும் பின்னர் செம்பனையையும் வளர்த்தவர்களில் நம் முன்னோரும் உண்டு.

மற்ற எண்ணெய்ப் பயிர்களைவிட ஒரு ஹெக்டேரில் பல மடங்கு எண்ணெய் தரும் மரம் அது. குறை மரத்தில் இல்லை. சுமத்ராவிலும் போர்னியோவிலும் அதற்காகக் காடுகளை அழித்ததில்தான் குறை. சதுப்புக் காட்டின் நீரை வடித்துத் தீ வைத்தால், மண்ணுக்கடியில் மட்கிக் கிடக்கும் தாவரங்கள் வாரக்கணக்கில் புகையும். 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாயம். அந்தப் புகையின் நுண்துகள் நுரையீரலின் ஆழம்வரை போகும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளும் முதியோரும் முதலில் அவதிப்படுவார்கள்.

இதற்குள் நிறுவனங்கள் சும்மா இருந்துவிடவில்லை. 2004இல் தோட்ட முதலாளிகள், வியாபாரிகள், பொருள் தயாரிப்பாளர்கள், இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினர் சேர்ந்து, சுற்றுச்சூழலைக் கெடுக்காத செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பைத் தொடங்கினார்கள். 2008இல் சான்றிதழ் பெற்ற எண்ணெய் சந்தைக்கு வந்தது. ஆனாலும், வியாபாரியிடம் வாங்குகிறோம், அது எந்த நிலத்தில் விளைந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கைவிரிப்பது எளிதாகவே இருந்தது. ஆபேல் எங்கே என்று தேவன் கேட்டபோது காயீன் சொன்ன பதிலும் இந்த வகைதான்.

2010 மார்ச்சில் கிரீன்பீஸ் அமைப்பு, கிட்கேட் சாக்லேட்டையும் உராங் ஊத்தான் குரங்கின் அழிவையும் இணைத்து ஒரு காணொளி வெளியிட்டது. வாடிக்கையாளர்கள் நெஸ்லே நிறுவனத்திடம் திரளாகக் கேள்வி கேட்டார்கள். மே மாதமே, காட்டை அழித்து விளைவித்த எண்ணெயை வாங்குவதில்லை என்று நெஸ்லே அறிவித்தது. 2013 டிசம்பரில் சிங்கப்பூரின் வில்மார் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. காட்டை அழிக்கக் கூடாது, சதுப்பு நிலத்தைத் தொடக் கூடாது, தொழிலாளரைச் சுரண்டக் கூடாது. இந்த மூன்றும் தன் தோட்டங்களுக்கு மட்டுமல்ல, தனக்கு எண்ணெய் விற்கும் எல்லாருக்கும் பொருந்தும் என்றது. வட்டமேசை அமைப்பும் 2018இல் தன் விதிகளில் காடழிப்பைத் தடை செய்தது.

வேலை முடிந்துவிடவில்லை. 2015இல் இந்தோனேசியாவில் ஏறக்குறைய 26 லட்சம் ஹெக்டேர் நிலம் எரிந்தது. பல தோட்டங்களின் குலைகள் ஒரே ஆலையில் கலந்துவிடுவதால் மூலத்தைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

ஆனாலும் 2010இல் பதில் வந்ததற்குக் காரணம், கேட்பதற்கு ஆட்கள் இருந்ததே. வாலிபரே, அடுத்த ஐக்கிய விருந்துக்குச் சாமான் வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். சான்று முத்திரை இல்லையென்றால், அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.