துவக்கைத் தாங்கியவை

உடப்புசல்லாவை மலைச்சரிவில் நின்று நோக்குவோர்க்கு இன்று கண்ணுக்கெட்டிய தூரம்வரை தேயிலையே தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலோ, நுவரெலியாவைச் சூழ்ந்த இம்மலைநாடு யானையும் மரையும் சிறுத்தையும் திரிந்த பெருங்காடாய் இருந்தது. அக்காட்டு வேட்டையின் வரலாற்றை உரைப்போர் வேட்டைக்காரரின் பெயரையும் துவக்கின் சிறப்பையும் சொல்லுவர். அத்துவக்கைத் தாங்கியது எது என்று கேட்பார் இலர். அதனையே இன்று கேட்போம்.

போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்தனர். அந்நூற்றாண்டில் ஐரோப்பியர் கையாண்ட பெருந்துவக்குகள் மிக்க பாரமுடையன. போர்வீரன் கவைக்கோல் ஒன்றை நிலத்தில் ஊன்றி, அதன் கவையிலே குழலைச் சார்த்திக் குறிபார்த்தான். பதினேழாம் நூற்றாண்டிலே துவக்கின் பாரம் குறையக் குறைய, கவைக்கோலும் படையிலிருந்து மறைந்தது.

கண்டி இராச்சியத்தார் வேறொரு வழி கண்டனர். அவர்கள் போரிலே கையாண்ட 'கொடிதுவக்குவ' என்னும் சிறுபீரங்கிக்கு முன்புறத்தில் இரண்டு கால்கள் உண்டு. பின்புறத்து மரக்கட்டையே மூன்றாவது கால். ஆங்கிலேயர் அதற்கு 'வெட்டுக்கிளித் துவக்கு' என்று பெயரிட்டனர். கால்கள் மூன்றாக அமைந்ததன் நன்மை யாது? நான்கு கால் மேசை மேடுபள்ளமான தரையில் ஆடும், முக்காலி ஆடாது. மூன்று புள்ளிகள் எப்பொழுதும் ஒரே தளத்தில் அமையும் என்பது கேத்திரகணிதம் படிக்கும் மாணவன் அறிந்த உண்மை. கல்லும் சரிவும் நிறைந்த மலைநாட்டிற்கு அது மிகப் பொருந்திய அமைப்பாகும்.

தொலைவிலுள்ள இலக்கைச் சுடுவோர் தாங்கியைத் தெரிவதற்கு இன்றும் இவ்விதிகளே துணை. அடிக்கடி இடம் மாறுபவர்க்குக் கவைக்கோல் போதும். அது நடைக்கும் ஊன்றுகோலாய் உதவும். ஓரிடத்தில் காத்திருப்பவர்க்கு மூன்று கால் வேண்டும். எதுவாயினும், வெறுங்குழலைக் கல்லின்மீது சார்த்தலாகாது. குழலின் அடியிலுள்ள மரமே மெத்தென்ற பொருளொன்றின்மீது அமர்தல் வேண்டும். இல்லையேல் வெடியின் உதைப்பினால் துவக்குத் துள்ளிக் குறி தவறும்.

ஆயின், மலைநாட்டின் பெயர்பெற்ற வேட்டைக்காரர்க்கு இவ்விதிகள் எவ்வளவு பயன்பட்டன? 1848ஆம் ஆண்டளவில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் தம் இலங்கை வேட்டையைப் பற்றி 1854இல் நூலொன்று வெளியிட்டார். பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பார் அவருக்குச் செய்தளித்த துவக்கு ஒன்றின் நிறை 21 இறாத்தல். அதாவது ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோகிராம். இத்துணைப் பாரமிருந்தும் யானை வேட்டையிலே கவைக்கோலுக்கு இடமில்லை. அடர்காட்டில் யானையைச் சில அடி தூரத்திலேயே எதிர்கொள்ள வேண்டியிருந்தது. கோலை ஊன்ற நேரமில்லை. மலைச் சமவெளிகளில் மரையை வேட்டையாடியபோதோ, பேக்கர் பெரும்பாலும் நாய்களையும் கத்தியையுமே நம்பினார்.

யானையின் முன்னே அவருக்கு வேண்டியது இரண்டாவது துவக்கு. வாய்வழியே மருந்தும் குண்டும் இடித்து நிரப்பும் அக்காலத் துவக்கை மீண்டும் ஆயத்தஞ்செய்வதற்குள் யானை வந்துவிடும். ஆகவே, மருந்திட்ட துவக்கை ஏந்திக்கொண்டு பின்னால் ஓர் ஆள் நின்றான். காடு மலையெல்லாம் அப்பாரத்தைத் தோளிற் சுமந்தவன் அவன். முதல் வெடி தவறி யானை பாய்ந்து வரும்போது, அவன் ஓடாமல் நின்று துவக்கை நீட்டினால் துரை பிழைத்தார். உண்மையான தாங்கி அவனே.

யானைகளின் கணக்கு நமக்குக் கிடைத்திருக்கிறது. மேஜர் ரொஜர்ஸ் என்பார் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என 1859இல் வெளிவந்த தம் நூலிலே எமர்சன் டெனன்ட் எழுதினார். அந்த ரொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த செய்தியும், நுவரெலியாவில் அவருக்குள்ள கல்லறையும் யாவரும் அறிந்தவை. அரசாங்கமே யானைக்கு இவ்வளவு எனப் பரிசு கொடுத்த காலம் அது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில் வட மாகாணத்தில் மாத்திரம் 3,500 யானைகளுக்குப் பரிசளிக்கப்பட்டது. துவக்குச் சுமந்தோரின் பெயர்கள் மட்டும் பெரும்பாலும் எழுதிவைக்கப்படவில்லை.

தேயிலையின் கதையும் இதுவே. 1867இல் லூல்கந்துரவிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் பெயரைப் பாடநூல்கள் சொல்லுகின்றன. காடு வெட்டி, கல் அகற்றி, கூடை சுமந்த தமிழ்த் தொழிலாளரின் பெயர்களை அவை சொல்வதில்லை.

வனவிலங்குகளுக்கு 1937ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் காவலாயிற்று. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாயிற்று. மரைகள் இன்றும் அங்கே மேய்கின்றன, யானைக்கூட்டங்கள் இல்லை. அழிந்ததை மீட்டல் அரிது. ஆயினும் மறந்தவரை நினைத்தல் நம்மால் இயலும். கொழும்பு நூதனசாலையிலே பழந்துவக்குகளைக் காட்டும்போது, அவற்றைச் செய்தவர் யார், சுட்டவர் யார் என்பதோடு, சுமந்தவர் யார் என்றும் கேட்க நம் பிள்ளைகளுக்குப் பழக்குவோமாக.