உடைவாள் கைமாறிய பின்னும்: பத்மநாபபுரம் நவராத்திரி ஊர்வலமும் அரசுரிமையும்

புரட்டாசியில் வரும் சரத் நவராத்திரியை அரசர்களின் விழாவாகவே வரலாற்றாய்வுகள் பெரிதும் விளக்குகின்றன. அதற்கு முதன்மைச் சான்று விஜயநகரம். 1443இல் அங்கு வந்த அப்துர் ரசாக்கும், 1520ஐ ஒட்டி வந்த டொமிங்கோ பயஸும் மகாநவமிக் கொண்டாட்டத்தை விரிவாக எழுதிவைத்தனர். படைகள் அணிவகுக்க, சிற்றரசர்கள் வந்து பணிய, மன்னர் கொலுவிருந்தார். 1565இல் தலைநகர் அழிந்ததும் அங்கு விழா நின்றது. 1610இல் மைசூர் உடையார்கள் அதைச் சீரங்கப்பட்டணத்தில் மீண்டும் தொடங்கினர். ஆகவே, அரசு உள்ளவரைதான் விழா என்ற முடிவுக்கு வருவது எளிது. பத்மநாபபுரம் அந்த முடிவை மறுக்கிறது.

திருவிதாங்கூரின் தலைநகர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. பழைய நகரின் தெய்வங்கள் அங்கேயே தங்கின. அதனால் ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்பே அரண்மனைச் சரஸ்வதி, வேளிமலைக் குமாரகோவில் முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகியோர் குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் செல்கின்றனர். சரஸ்வதி அங்கே நவராத்திரி மண்டபத்தில் வீற்றிருக்கிறாள். மன்னர் சுவாதித் திருநாள் இயற்றிய நவராத்திரிக் கீர்த்தனைகள் அவள் முன்னிலையில் நாளுக்கொன்றாகப் பாடப்படுகின்றன. முருகன் ஆரியசாலையிலும் நங்கை செந்திட்டையிலும் தங்குகின்றனர். விஜயதசமியன்று முருகன் பூஜைப்புரைக்கு எழுந்தருள்கிறார்.

இங்கும் அரச அடையாளம் உண்டு. ஊர்வலத்தின் முன்னே மன்னரின் உடைவாள் செல்கிறது. ஆனால் 1949இல் திருவிதாங்கூர் தனியரசு முடிந்தது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட தென்வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. புறப்படும் ஊர்கள் ஒரு மாநிலத்திலும் சேருமிடம் மற்றொன்றிலும் அமைந்தன. ஊர்வலமோ நிற்கவில்லை. இன்று பத்மநாபபுரம் அரண்மனையில் நடக்கும் வாள் கைமாற்றத்தில் இரு மாநில அரசுகளும் பங்கேற்கின்றன. எல்லையிலுள்ள களியக்காவிளையில் கேரளம் தெய்வங்களை மரியாதையுடன் வரவேற்கிறது.

இதை அரசாங்கப் பழக்கத்தின் தொடர்ச்சி என்று மட்டும் சொல்லிவிடலாமா? அரசாங்கம் செலவையும் காவலையும் தரும். வழிநெடுக விளக்கேற்றிக் காத்திருக்கும் குடும்பங்களை அதனால் உண்டாக்க முடியாது. 1750இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா நாட்டைத் திருவனந்தபுரம் கோயிலின் தெய்வமான பத்மநாபருக்கு அர்ப்பணித்து, தம்மை அவருடைய தாசனாக அறிவித்ததையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். ஆளும் உரிமை தெய்வத்துடையது என்று ஏற்றுக்கொண்ட நாட்டில், மன்னர் விழாவின் மையமாக இருக்கவில்லை. அதை நடத்திவைக்கும் ஊழியராகவே இருந்தார். அந்த ஊழியத்தைப் பின்னர் வேறு கைகள் ஏற்க முடிந்தது.

விஜயநகரத்தில் எல்லோரும் ஒரு மேடையை நோக்கி வந்தனர். இங்கோ தெய்வங்களே ஊர்களைக் கடந்து செல்கின்றன. விழாவின் உரிமை கோயில்களிடமும் வழியோர ஊர்களிடமும் பரவிக் கிடப்பதுதான் அதன் நீடிப்புக்கு அடிப்படைக் காரணம். நவராத்திரி ஆய்வு அரண்மனை ஆவணங்களோடு நின்றுவிடக் கூடாது. குழித்துறை முதல் நெய்யாற்றின்கரை வரையுள்ள கோயில்களின் கணக்குகளையும் ஊரார் நினைவுகளையும் தொகுக்க இரு மாநில ஆய்வாளர்களும் இணைந்து முன்வர வேண்டும்.