நூலகர் ஆக முதுகலைப் பட்டம் வேணுமா? அப்படி என்னதான் படிக்கிறாங்க?

"புத்தகம் அடுக்குறதுக்கு எதுக்கு மாஸ்டர்ஸ்?" நூலகத் துறையில் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள், முதலில் வரும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

நீங்கள் கடைசியாக நூலகத்துக்குப் போனதை யோசித்துப் பாருங்கள். இரவல் வாங்கியது இயந்திரத்தில். திருப்பிக் கொடுத்தது சுவரில் இருந்த பெட்டியில். சிங்கப்பூரில் இதற்கான ஆர்எஃப்ஐடி தொழில்நுட்பத்தை 1998இலேயே புக்கிட் பாத்தோக் நூலகத்தில் முயன்று பார்த்துவிட்டார்கள். முத்திரை குத்தும் வேலை இயந்திரத்துக்குப் போய் ரொம்ப நாளாச்சு. ஆனாலும் நூலகர்கள் இருக்கிறார்கள். அப்படியென்றால் அவர்கள் செய்யும் வேலை வேறு.

சுருக்கமாகச் சொன்னால், தேடுகிறவருக்கும் தேடப்படுவதற்கும் நடுவில் வழி போடுவது. ஒரு புத்தகத்தைப் பற்றிய குறிப்பு தப்பாகப் பதிவாகிவிட்டால், அது அலமாரியில் பத்திரமாக நின்றாலும் யார் கையிலும் கிடைக்காது. தமிழ்ப் புத்தகங்களுக்கு இந்த ஆபத்து கொஞ்சம் அதிகம். ஏன் என்று பார்ப்போம்.

எங்கே படிக்கலாம்?

சிங்கப்பூரில், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வீ கிம் வீ தொடர்பு, தகவல் துறைப் பள்ளியில் தகவலியல் முதுகலைப் பட்டம் இருக்கிறது. அந்தப் பட்டப்படிப்பு 1993இல் தொடங்கியது. முழுநேரமாகப் படித்தால் ஓராண்டு, வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படித்தால் இரண்டாண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இளங்கலையில் தமிழ், வரலாறு, கணினி, உயிரியல் என எதை எடுத்தவரும் இந்தத் துறைக்கு வரலாம்.

அதற்கு முன்பு முழு முதுகலைப் பட்டம் வேண்டும் என்றால் பெரும்பாலும் வெளிநாட்டுக்குத்தான் போகணும். 1965 முதல் 1988 வரை தேசிய நூலகத்தின் இயக்குநராக இருந்த ஹெட்விக் அன்வார் நூலகப் பயிற்சி பெற்றது லண்டனில்.

மலேசியாவில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நூலக, தகவல் அறிவியல் முதுகலைப் படிப்பு 1980களில் இருந்தே இருக்கிறது. வேல்ஸில் உள்ள அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் தொலைதூரக் கல்வியாகவும் படிக்கலாம்.

பட்டம் கட்டாயமா? அது நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் பெரும்பாலான நூலகர் வேலைகளுக்கு, அந்நாட்டு நூலகச் சங்கம் அங்கீகரித்த முதுகலைப் பட்டம் கேட்பார்கள். பிரிட்டனில் வேலை அனுபவத்தைக் காட்டித் தொழில்முறைச் சான்றும் வாங்கலாம். சிங்கப்பூரில் நிலைமை இவ்வளவு கறார் இல்லை. வேறு துறைப் பட்டத்தோடு வேலைக்குச் சேர்ந்து, அப்புறம் தகவலியல் படிப்பவர்களும் உண்டு. விண்ணப்பிக்கும் முன் அந்தந்த வேலை விளம்பரத்தைக் கவனமாகப் படித்துவிடுங்கள்.

வகுப்பில் என்ன நடக்கும்?

தகவலை ஒழுங்குபடுத்துவது, தேடல் முறைகள், தரவு பற்றிய தரவு, மின்னணுப் பாதுகாப்பு, ஆய்வு முறைகள் என்று பாடங்களின் பெயர்கள் கொஞ்சம் வறட்சியாகத்தான் இருக்கும். உள்ளே போனால் சுவாரசியம்.

கேட்பவரிடம் திருப்பிக் கேட்பது எப்படி என்பதைத் தனியாகவே சொல்லித் தருகிறார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருவர் வந்து "தீபாவளி பத்திப் புத்தகம் இருக்கா?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிறுவர் பிரிவைக் கைகாட்டிவிடலாம், வேலை முடிந்தது. ஆனால் நாலு கேள்வி கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். அவருக்கு உண்மையில் வேண்டியது 1950களில் சிராங்கூன் ரோட்டில் தீபாவளி எப்படி இருந்தது என்பது. அதற்குப் பண்டிகைப் புத்தகம் உதவாது. பழைய தமிழ் முரசு, வாய்மொழி வரலாற்றுப் பேட்டி, புகைப்படத் தொகுப்பு என்று தேட வேண்டும். பலர் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்ல மாட்டார்கள். தேடுபொறி அதைத் திருப்பிக் கேட்காது.

894.811 என்றால் என்ன?

தமிழ்ப் புத்தகங்களின் முதுகில் இந்த எண்ணைப் பார்த்திருப்பீர்கள். 1876இல் அமெரிக்கர் மெல்வில் டூயி வெளியிட்ட தசம வகைப்பாட்டில் வரும் எண் இது. 800 என்றால் இலக்கியம். அதில் அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கிலத்துக்கு 820, ஜெர்மனுக்கு 830, பிரெஞ்சுக்கு 840 என்று ஆளுக்கொரு பத்து. லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும்கூடத் தனித்தனிப் பத்து உண்டு. உலகத்தின் மற்ற எல்லா மொழிகளையும் 890க்குள் அடைத்துவிட்டார்கள். அதனால்தான் ஆங்கில நாவலுக்கு 823 போதும், தமிழ் நாவலுக்கு 894.8113 தேவைப்படுகிறது. சீன இலக்கியம் 895.1.

இதெல்லாம் வெறும் எண்தானே என்று தோன்றலாம். ஆனால் வகைப்படுத்துபவர் எங்கே நின்று உலகத்தைப் பார்த்தார் என்பதை இந்த எண்ணே காட்டிவிடுகிறது. நூலகவியல் மாணவர்கள் இதைப் பற்றி நிறையவே விவாதிப்பார்கள்.

அதே வகுப்பில் ஒரு தமிழர் பெயரும் வரும். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை என்று வெறுத்துப்போய், ஒரு வாரத்திலேயே பழைய வேலைக்குத் திரும்பப் பார்த்தாராம். லண்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள், மனம் மாறியது. அவர் 1931இல் எழுதிய நூலகத்துக்கான ஐந்து விதிகளும், 1933இல் வெளியிட்ட கோலன் வகைப்பாடும் இன்றும் உலகம் முழுதும் நூலகவியல் மாணவர்களுக்குப் பாடம். டூயியின் எண்களுக்கு மாற்று ஒன்றைக் கண்டுபிடித்தவர் நம்ம ஊர்க் கணக்கு வாத்தியார் என்பது ஏனோ நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

தமிழ்ப் பெயர் என்றால் சிக்கல்

இப்போது அந்த ஆபத்துக்கு வருவோம். தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் பதிவு செய்ய, பல பெரிய நூலகங்கள் ஒரே விதியைப் பின்பற்றுகின்றன. அதன்படி 'த' எங்கே வந்தாலும் 'டி' எழுத்துதான், 'ச' என்றால் 'சி' எழுத்துதான். உச்சரிப்பைப் பார்ப்பதில்லை. 'ழ'வுக்கு 'எல்' போட்டு, கீழே ஒரு கோடு. மு.வரதராசன் நூலைத் தேடும் நீங்கள் பழக்கத்தில் 'வரதா' என்பதற்கு ஆங்கிலத்தில் 'டிஹெச்' அல்லது 'டி' என்ற இரண்டில் எதைத் தட்டினாலும், பிறகு 'ஜே' போட்டாலும், பட்டியலில் இருக்கும் எழுத்துக்கூட்டலோடு பொருந்தாமல் போக வாய்ப்பு அதிகம்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பது இன்னொரு சிக்கல். எது முன்னெழுத்து, எது அப்பா பெயர், எது ஊர்ப் பெயர், எது புனைபெயர்? தமிழ் தெரியாத ஒருவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று நினைத்துப் பதிந்துவிட்டால், ஒரே எழுத்தாளர் பட்டியலில் இரண்டு மூணு ஆளாகப் பிரிந்துவிடுவார். அதைச் சேர்த்து வைக்கும் வேலைக்குத் துறைப் பயிற்சியும் வேண்டும், தமிழும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

எவ்வளவு வேலை இருக்கிறது?

சிங்கப்பூரில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் இரண்டு பிரதிகளைப் பதிப்பாளர் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும், அது சட்டம். உங்கள் வட்டாரத்தில் யாரோ அச்சடித்த சிறு கவிதைத் தொகுப்பும் இதில் அடங்கும். அதைப் படித்து, எதைப் பற்றியது என்று எழுதி, எண் கொடுத்து உள்ளே சேர்க்க ஒரு ஆள் வேண்டும்.

2015இல் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின் கீழ், 1965 முதல் வெளிவந்த சுமார் 350 சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியப் படைப்புகள் மின்னாக்கம் செய்யப்பட்டன. தேசிய நூலக வாரியத்தோடு சமூகத் தொண்டூழியர்களும் கைகோத்தார்கள். இன்னும் பின்னால் போனால் வேலை கடினமாகும். 1887இல் இங்கே வெளிவந்த சிங்கை நேசனை எடுத்துக்குங்க. அதில் ணா, லை போன்ற எழுத்துகளின் வடிவமே வேறு. இன்றைய எழுத்துகளுக்குப் பழக்கிய மென்பொருள் அங்கே தடுமாறும்.

ஏஐ வந்தால் இந்த வேலை போயிடாதா? சில பகுதிகள் போகலாம், ஏற்கெனவே போனது மாதிரி. ஆனால் உரையாடும் ஏஐ கருவிகள் இல்லாத புத்தகத்துக்கும் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் அழகாகச் சொல்லிவிடும். அப்படி ஒரு புத்தகமே கிடையாது என்று சரிபார்த்துச் சொல்வதும் இப்போது நூலகர் வேலையில் சேர்ந்திருக்கிறது.

துறை உங்களுக்குச் சரிப்படுமா என்று தெரியணும்னா, சேர்வதற்கு முன் சின்னச் சோதனை ஒன்று செய்து பாருங்கள். பிடித்த தமிழ் எழுத்தாளர் ஒருவரின் பெயரை நூலக இணையப் பட்டியலில் தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களில் ஒவ்வொரு முறை தேடுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை நூல்கள் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை மாறினால், விட்டுப்போன நூல் எது, ஏன் விட்டுப்போச்சு என்று தோண்டிப் பார்க்கத் தோன்றுகிறதா?