வேட்டி நெய்தால் ஆறு மாதம்

ஆறு மாதம் வரை சிறை, அல்லது தறி ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குற்றம்: வேட்டி நெய்தது. அதே நூலை, அதே கரையுடன், கையாலும் காலாலும் இயங்கும் தறியில் நெய்திருந்தால் கூட்டுறவுச் சங்கம் அதை வாங்கித் தள்ளுபடி விலையில் விற்றிருக்கும். மின் மோட்டார் பூட்டிய தறியில் நெய்ததுதான் வினை. எந்தத் துணியை எந்தக் கருவியில் நெய்யலாம் என்று வரையறுத்த இந்தச் சட்டத்தை 1985 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் என்று தறிக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

தொழிற்கூடத்துக்குள் ஒரு இயந்திரம் நுழைவதைத் தடுக்க அரசுகள் செய்த முயற்சிகளில் இவ்வளவு காலம் நீடித்தது இந்தியாவில் வேறில்லை எனலாம். அதன் கதை 1985-இல் தொடங்கவில்லை. அன்றைக்குச் சட்டம் காக்க வந்த பறக்கும் நாடாக் கைத்தறியே ஒரு காலத்தில் நெசவாளர்கள் சந்தேகத்தோடு பார்த்த புதுக் கருவியாக இருந்தது.

இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் 1733-இல் பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் நெசவாளர் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். புதிய முறையில் ஒரு கயிற்றைச் சுண்டி இழுத்தால் போதும், நாடா பாவுக்குக் குறுக்கே தானாகப் பாயும். இங்கிலாந்தில் இதற்காக அவர் வீடு தாக்கப்பட்டது. கடைசிக் காலத்தைப் பிரான்சில் கழித்தார். தென்னிந்தியாவில் மேற்குக் கரையோரம் பாசல் மிஷன் நடத்திய நெசவாலைகளில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஐரோப்பியத் தறிகள் வந்துவிட்டன. தமிழ் ஊர்களுக்கு அதைக் கொண்டுசேர்க்க முனைந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். சென்னை கலைப் பள்ளியின் கண்காணிப்பாளராக இருந்து, அலுமினியப் பாத்திரத் தொழிலை அங்கே தொடங்கிவைத்த பொறியாளர் அவர்.

சாட்டர்டன் 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சேலத்தில் அரசுச் செலவில் ஒரு நெசவாலையைத் தொடங்கினார். பறக்கும் நாடாத் தறி விளைச்சலை ஏறத்தாழ இரு மடங்காக்கும். ஒரே கூரையின் கீழ் நெசவாளர்களைக் கூட்டி, கூலி கொடுத்து நெய்யவைத்தால் வட்டிக்காரர் பிடியிலிருந்தும் மீட்கலாம் என்பது அவர் கணக்கு. கணக்கு சரி. ஆனால் ஆட்கள் நிலைக்கவில்லை. வந்தவர்களும் மணியடித்தால் உட்கார்வது, மணியடித்தால் எழுவது என்ற ஒழுங்குக்குப் பிடிகொடுக்கவில்லை. அதிகாரிகள் இதைப் பழமைப் பற்று என்றும் சோம்பல் என்றும் எழுதிவைத்தார்கள். குழித்தறி இருந்த ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருந்தால் வேறொன்றும் தெரிந்திருக்கும். மனைவி தார் சுற்றுவார், பிள்ளைகள் இழை எடுத்துக் கொடுப்பார்கள், தெரு முழுக்கச் சேர்ந்து பாவு ஆற்றும். ஆலையின் கூலி ஒரு ஆளுக்கு. வீட்டுத் தறியின் வருமானம் ஒரு குடும்பத்துக்கு. ஆலைக்குப் போகாதவர் கணக்குத் தெரியாதவர் அல்ல.

அரசே தொழில் நடத்துவதை எதிர்த்துச் சென்னையின் ஐரோப்பிய வணிகர்களும் முணுமுணுத்தார்கள். 1910-இல் பிரிட்டிஷ் அரசின் இந்திய விவகார அமைச்சர் மார்லி லண்டனிலிருந்து அனுப்பிய ஆணையோடு சேலம் முயற்சி முடிவுக்கு வந்தது.

வேடிக்கை என்னவென்றால், ஆலையை வேண்டாம் என்ற நெசவாளர்கள் தறியை வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளில் பறக்கும் நாடா ஊர் ஊராகப் பரவியது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பழைய குழித்தறியிலேயே பெட்டியும் கயிறும் பூட்டிக்கொண்டார்கள். பொருளியல் பேராசிரியர் பி.ஜே. தாமஸ் தலைமையில் அமைந்த குழு 1942-இல் அறிக்கை தந்தபோது, மதராஸ் மாகாணத்தில் பெரும்பாலான தறிகள் பறக்கும் நாடாவுக்கு மாறியிருந்தன. இந்தியாவின் பல பகுதிகளில் அப்போதும் கையால் நாடா எறிந்துகொண்டிருந்தார்கள்.

மாறாத ஊர்களுக்கும் காரணம் இருந்தது. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிற ஊடை, இரு கரைகளுக்கும் வேறு நிற ஊடை. மூன்று நாடாக்கள், தறியில் இரண்டு பேர், உடலும் கரையும் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு வரியிலும் இழையோடு இழை பின்ன வேண்டும். கயிற்றை இழுத்தால் விர்ரென்று ஓடும் நாடாவால் அந்த வேலை நடக்காது. எந்தக் கருவி வேண்டும், எது வேண்டாம் என்பதை நெய்யும் துணியே முடிவு செய்தது.

சுதந்திரத்துக்குப் பின் கேள்வி மாறியது. எதிரே நின்றவை பம்பாய், அகமதாபாத், கோவை ஆலைகள். அந்த ஆலைகளின் நூலைத்தான் கைத்தறி நம்பியிருந்தது. நூல் விற்பவனும் அவனே, துணியில் போட்டிக்கு வருபவனும் அவனே என்ற நிலை. 1950-இல் மத்திய அரசு சில ரகங்களைக் கைத்தறிக்கு ஒதுக்கியது. கொரியப் போரை ஒட்டி ஏறியிருந்த ஜவுளி விலைகள் 1952-இல் சரிந்தபோது, மதராஸ் மாநில நெசவாளர் வீடுகளில் துணி விற்காமல் குவிந்தது, அடுப்பு எரியவில்லை. முதலமைச்சர் ராஜாஜி, சேலையும் வேட்டியும் முழுக்கக் கைத்தறிக்கே விடப்பட வேண்டும் என்று மத்திய அரசை வற்புறுத்தினார். அவரை மற்ற எல்லாவற்றிலும் எதிர்த்துக்கொண்டிருந்த தி.மு.க.வும் இதே பக்கம் நின்றது. 1953 ஜனவரியில் அண்ணா திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார். கட்சியின் மற்றத் தலைவர்கள் வேறு ஊர்களுக்குப் பிரிந்து போனார்கள்.

டில்லியில் அந்தக் கோரிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டிய வணிகத் துறை அமைச்சரும் சென்னைக்காரர்தான், டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அவர் முழு ஒதுக்கீட்டுக்கு இசையவில்லை. கடைசியில் ஒரு நடுவழி பிறந்தது: ஆலைகள் 1951-52-இல் நெய்த வேட்டியின் அளவில் 60 சதவீதத்தை மட்டுமே இனி நெய்யலாம். மீறினால் 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூடுதல் தீர்வை. இன்னொரு சட்டம் ஆலைத் துணி கஜத்துக்கு மூன்று பை வரி போட்டு, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் திருப்பிவிட்டது. (பை அந்தக் காலத்து நாணயம், 12 சேர்ந்தால் ஒரு அணா.) கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் இன்றைக்கும் தீபாவளிக்கு நாம் எதிர்பார்க்கும் தள்ளுபடிக்கு வேர் இந்தக் காலத்தில் இருக்கிறது.

இதே சமயத்தில் அரசு நியமித்த ஒரு குழு நேர் எதிராகப் பேசியது. நித்யானந்த கானூங்கோ தலைமையிலான ஜவுளி விசாரணைக் குழு 1954-இல், கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறிகளாக மாற்றிவிடுவதே நெசவாளருக்கு நல்லது, நுணுக்கமான வேலைப்பாட்டுக்கு மட்டும் கைத்தறி இருக்கட்டும் என்றது. மறுவருடம் கார்வே குழு வேறு வழி காட்டியது: ஆலைகள் புதிய தறி சேர்க்கக் கூடாது, கூடும் தேவையைச் சிறு நெசவாளர் நிறைவு செய்யட்டும். அரசு இரண்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. ஆலைத் தறிகளின் எண்ணிக்கையை உறையவைத்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு விசைத்தறிகளைக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தது. யாரைத் தடுப்பது, யாரை வளர்ப்பது என்று அதற்கே தெளிவில்லை.

ஆலையின் வாசலை அடைத்ததும் தண்ணீர் வேறு வாய்க்காலில் போனது. 1951-இல் நாட்டில் ஏறத்தாழ 24,000 விசைத்தறிகள் இருந்தன. நான்கு தறிக்கு மேல் இல்லாத கூடங்களுக்கு உற்பத்தித் தீர்வை விலக்கு என்றதும், நாற்பது தறி வைத்திருந்தவர் மனைவி பெயரில் நான்கு, தம்பி பெயரில் நான்கு, மாமனார் பெயரில் நான்கு என்று பிரித்து எழுதிக்கொண்டார். பெரிய ஆலைகள் கழித்துப்போட்ட பழைய தறிகள் லாரி ஏறிச் சிற்றூர்களுக்கு வந்தன. குமாரபாளையம், பள்ளிபாளையம், சோமனூர், பல்லடம், கரூர், ராஜபாளையம் என்று சடசடவென்ற தறிச் சத்தம் விரிந்தது.

அந்தத் தறிகளை வாங்கியவர்களைப் பார்த்தால் இந்தச் சண்டையின் முகம் வேறாகத் தெரியும். பம்பாய் முதலாளிகள் மட்டுமல்ல. தலைமுறையாகக் கைத்தறியில் உட்கார்ந்த செங்குந்தர், தேவாங்கர் வீட்டுப் பிள்ளைகளும், கிணறு வற்றிப்போன விவசாயிகளும் இருந்தார்கள். ஒரே தெருவில், ஒரே குடும்பத்தில், அண்ணன் குழித்தறியிலும் தம்பி விசைத்தறிக் கூடத்திலும் இருக்க முடிந்தது. ஒரே ஆள் நான்கு தறிகளைப் பார்த்துக்கொள்ளும் கூடம் எத்தனை கைத்தறிகளைச் சும்மா நிறுத்தும் என்று தம்பிக்கும் தெரியும்.

1974-இல் பி. சிவராமன் தலைமையிலான உயர்நிலைக் குழு விசைத்தறிப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தவும் கைத்தறிக்கான ஒதுக்கீட்டை இறுக்கவும் பரிந்துரைத்தது. பதினோரு ஆண்டுகள் கழித்துச் சட்டம் வந்தது. 1986-இல் வெளியான ஆணை 22 ரகங்களைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. விசைத்தறியாளர்கள் நாடெங்கும் நீதிமன்றங்களுக்குப் போனார்கள். தொழில் செய்யும் அடிப்படை உரிமை எங்களுக்கில்லையா என்பது அவர்கள் வாதம். சட்டம் தாளில் மட்டும் இருந்த அந்த ஏழு ஆண்டுகளில் வேட்டியும் துண்டும் லுங்கியும் விசைத்தறியில் தாராளமாக ஓடின. 1993 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், குடிசைத் தொழிலை வளர்க்க அரசியல் சாசனம் காட்டும் வழிகாட்டு நெறியைச் சுட்டிச் சட்டம் செல்லும் என்றது. மூன்றே ஆண்டில், மீரா சேத் குழுவின் பரிந்துரையை ஏற்று அரசு 22 ரகங்களை 11 ஆகக் குறைத்தது. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம், படுக்கை விரிப்பு முதலியவை தங்கின.

பட்டியலில் ‘சேலை’ என்று எழுதுவது எளிது. அமலாக்க அலுவலர் ஒரு கூடத்துக்குள் நுழைந்து எந்தச் சேலை என்று நிறுவுவது எளிதல்ல. ஆணை ஒவ்வொரு ரகத்தையும் இழை, நூல், கரை, வேலைப்பாடு என்று வரையறுக்கிறது. ஒன்றை மாற்றினால் துணி பட்டியலைவிட்டு நழுவிவிடும். நூலில் செயற்கை இழை சற்றுக் கூடினால் போதும். கைத்தறிக்கென மலிவாகக் கிடைக்க வேண்டிய சிட்டா நூலைக் கோன்களில் சுற்றி விசைத்தறிக்குத் திருப்பியது இதன் இன்னொரு கிளைக்கதை. பவானி ஜமக்காளத்துக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பவானிக்காரர்களின் தலைவலி சோலாப்பூரிலிருந்து வரும் விசைத்தறி விரிப்பு. அது பாதி விலைக்கும் குறைவாகக் கடைக்கு வந்தால் குறியீட்டை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்? 2006-இல் வந்த கைத்தறி முத்திரையும் அதே கேள்வியின் முன் நிற்கிறது.

தமிழக அரசின் கையும் இரு பக்கமும் நீண்டது. 1983-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் கைத்தறியாளருக்கும் விசைத்தறியாளருக்கும் வேலை கொடுத்தது. காலப்போக்கில் பெரும்பகுதி விசைத்தறிக்குப் போனது. இலவச மின்சாரமும் இருவருக்கும் உண்டு. 2023-இல் கைத்தறியாளருக்கான அளவு 200 யூனிட்டிலிருந்து 300 ஆகவும், விசைத்தறியாளருக்கு 750-லிருந்து 1,000 ஆகவும் உயர்ந்தது. எந்த இயந்திரத்தைச் சட்டம் தடுக்கிறதோ அதற்குத்தான் அதிக மின்சாரம். ஓட்டுக் கணக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் சோமனூரில் ஜவுளி உற்பத்தியாளரிடம் கூலி உயர்வு கேட்டு மாதக்கணக்கில் தறியை நிறுத்தும் கூலி விசைத்தறிக்காரரும் கைத்தறிக்காரரைப் போலக் கடனில்தான் இருக்கிறார். அவரை வில்லனாக்கி எழுதுவது நியாயமில்லை.

1985 சட்டத்தில் கைத்தறிக்கு விளக்கம் ஒரே வரி: விசைத்தறி அல்லாத எந்தத் தறியும். எளிமையான இந்த வரிதான் பின்னால் சிக்கலானது. காலை அழுத்தி அழுத்தி மூட்டு தேய்ந்த நெசவாளர், பூவேலைக்கான கனத்த ஜக்கார்டு பொறியைத் தூக்க மட்டும் ஒரு சிறு மோட்டார் வைத்துக்கொண்டால் அது எந்தத் தறி? 2012-இல் மத்திய அரசு வட்டாரத்தில் ஒரு யோசனை எழுந்தது. நெசவின் ஏதாவது ஒரு கட்டத்திலாவது மனித உழைப்பு இருந்தால் அதைக் கைத்தறி என்றே கொள்ளலாம் என்பது அது. அப்படிப் பார்த்தால் நாட்டிலுள்ள விசைத்தறி எல்லாமே கைத்தறியாகிவிடும் என்று நெசவாளர் அமைப்புகள் கொதித்தன. அவர்கள் அச்சம் வீண் அல்ல. விசைத்தறியிலும் யாரோ தார் மாற்றுகிறார்கள், யாரோ அறுந்த இழையை முடிகிறார்கள். யோசனை கைவிடப்பட்டது. 2015-இல் சட்டமே நீக்கப்படப்போகிறது என்ற பேச்சு கிளம்பியபோது அப்படி எண்ணமில்லை என்று அரசு மறுத்தது. அந்த ஆகஸ்ட் 7 அன்று பிரதமர் மோடி முதல் தேசியக் கைத்தறி தினத்தைச் சென்னைப் பல்கலைக்கழக நூற்றாண்டு மண்டபத்தில் தொடங்கிவைத்தார்.

2009-10 கணக்கெடுப்பில் 43.31 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை 2019-20-இல் 35.22 லட்சமானது. 11 ரகங்களின் பட்டியல் அப்படியே இருக்கிறது. ஜக்கார்டுக்கு மோட்டார் பூட்டிய நெசவாளர்களும் அதைக் கழற்றவில்லை.