கட்சிக்குள் அடைபட்ட சிந்தனையும் கீழிருந்து எழும் சாட்சியமும்: இளையபெருமாள் குழு அறிக்கையை முன்வைத்து

சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு செல்லும் சாலையில் உள்ள கீரப்பாளையம் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். கிளையில் பேசியது மாவட்டத்துக்குப் போகுமா என்பது பெரும்பாலான கட்சிகளில் ஒன்றிய அளவிலேயே முடிவாகிவிடுகிறது. குடிநீர்க் குழாயில் பாகுபாடு நடக்கிறது என்று கிளைச் செயலாளர் சொன்னால், ஒன்றியக் கூட்டத்தில் அது 'சிறு மனக்கசப்பு' ஆகிறது. மாவட்டக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. அமைப்பு வளர வளர அதிகாரம் சிலர் கையில் குவியும் என்று ராபர்ட் மிக்கேல்ஸ் 1911இல் எழுதினார். அதிகாரத்தோடு செய்தியும் குவிகிறது, வடிகட்டப்படுகிறது என்பதை நம் கட்சிகளின் நடைமுறை காட்டுகிறது.

இந்நிலையில் தொண்டர் என்ன செய்யலாம்? ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியேறுவது, குரல் கொடுப்பது, விசுவாசமாக இருப்பது என மூன்றைப் பேசினார். தமிழகத்தில் முதலிரண்டுக்கும் பெரியாரே சான்று. 1920 திருநெல்வேலி மாநாடு தொடங்கி வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்தைக் காங்கிரசுக்குள் வலியுறுத்தினார். 1925 காஞ்சிபுரம் மாநாட்டில் தீர்மானத்துக்கு இடமில்லை என்றானதும் வெளியேறினார். ஈரோட்டு நகர்மன்றத் தலைவராகவும் மாகாணக் காங்கிரசின் தலைவராகவும் இருந்தவரின் குரலுக்கே அந்தக் கதி என்றால், கிளை உறுப்பினர் தம் குரலை மட்டும் நம்பி நிற்க முடியாது.

நான்காவது வழி ஒன்று உண்டு. கட்சியின் ஏணியில் ஏறாமலே ஆவணமாகிவிடும் சாட்சியம் அது. அதன் ஆகச் சிறந்த எடுத்துக்காட்டு இந்த மண்ணைச் சேர்ந்தது. காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள், பள்ளியில் தலித் மாணவர்களுக்கெனத் தனியாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையை உடைத்த மாணவர். சிதம்பரம் வட்டாரத்தில் பறையடிக்கும் கட்டாயத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போனவர். 1952இல் காங்கிரஸ் சார்பில் நாடாளுமன்றம் சென்றார். தீண்டாமை சட்டப்படி ஒழிந்துவிட்டது என்று ஆளுங்கட்சி நிம்மதியாக இருந்த காலம் அது. தீண்டாமை குறித்து ஆராய 1965இல் ஒன்றிய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவரானபோது, நாடு முழுவதும் சாட்சியங்களைத் திரட்டி அந்த நிம்மதியைக் கலைத்தார். வெண்மணியில் தலித்துகள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதற்கு அடுத்த ஆண்டு, 1969இல், அறிக்கை வந்தது. கிணறு, தேநீர்க் கடை, கோயில் என்று எங்கெங்கே தீண்டாமை உயிரோடிருக்கிறது என்று அது பதிவு செய்தது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கவும் பரிந்துரைத்தது.

அடுத்து நடந்தது என் வாதத்துக்கு அடிப்படையானது. ஒரு காங்கிரஸ்காரர் தந்த பரிந்துரையை, காங்கிரசைத் தோற்கடித்து ஆட்சிக்கு வந்த தி.மு.க. எடுத்துக்கொண்டது. 1970 டிசம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றிய அறநிலையச் சட்டத் திருத்தத்தின் நோக்க உரையே இக்குழுவைச் சுட்டியது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் பரம்பரை உரிமை நீக்கத்தை ஏற்றது. ஆனால் ஆகம விதிகளைக் காட்டி, அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகும் வழியைக் குறுக்கியது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமாக வலுப்பெற்றதிலும் இந்த அறிக்கையின் பங்கு உண்டு. கட்சிக்குள் மட்டும் முறையிட்டிருந்தால் இவற்றில் எதுவும் நடந்திருக்காது என்றே கருதுகிறேன்.

எதிரிக்கு ஆயுதம் கொடுப்பது துரோகமல்லவா என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. தேர்தல் நேரத்தில் அதற்கு உண்மையான விலை உண்டு. ஆனால் மறைத்து வைத்ததற்கான விலையைக் கட்சித் தலைமை கொடுப்பதில்லை. 2020இல் புவனகிரியை அடுத்த தெற்குத்திட்டை ஊராட்சியில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலித் பெண்ணான ஊராட்சித் தலைவர் தரையில் அமர்ந்திருந்தார். அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர். அவருக்குக் கீழே பணியாற்ற வேண்டிய ஊராட்சிச் செயலாளர் அங்கேதான் இருந்தார். ஒரு புகைப்படம் வெளிவந்த பிறகுதான் வழக்கும் நடவடிக்கையும் வந்தன. அந்த ஊரைச் சுற்றிக் கிளை இல்லாத பெரிய கட்சி எது?

வர்க்கத்தைப் பேசினால் சாதி தானே கரையும் என்று நெடுநாள் நம்பிய இடதுசாரிகளிடமும் மாற்றம் வந்தது கள ஆய்வின் வழியேதான். மார்க்சிஸ்ட் கட்சியினர் முன்னெடுத்த தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2007இல் உருவானது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி அவர்களது போராட்டத்தின் விளைவாக 2008 மே மாதம் இடிக்கப்பட்டது. ஊர் ஊராகப் போய்ப் பாகுபாட்டின் வடிவங்களை எழுதி வந்தவர்கள் கட்சியின் சாதாரண உறுப்பினர்கள். தங்கள் தோழர்களின் ஊர்களையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

சாட்சியம் மட்டும் போதும் என்று சொல்லவில்லை. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் பதவிவரை உயர்ந்த இளையபெருமாளே பின்னாளில் இந்திய மனித உரிமைக் கட்சியைத் தொடங்க நேர்ந்தது. அறிக்கை நாட்டை அசைத்த அளவுக்கு அவருடைய கட்சியை அசைக்கவில்லை. சாட்சியத்தின் பின்னால் கிளைகள் அணிதிரள வேண்டும். சட்டமும் இங்கே பெரிதாக உதவாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு கட்சிகளைப் பதிவு செய்யச் சொல்கிறது. உட்கட்சி ஜனநாயகத்தைக் கட்டாயப்படுத்துவதில்லை.

கடலூர் மாவட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. அடுத்த தேர்தலுக்குத் தனி ஊராட்சிகளில் யாரை நிறுத்துவது என்பதைப் பெரும்பாலும் ஒன்றியத்தில் சிலர் கூடித் தீர்மானிப்பார்கள். கீரப்பாளையம் ஒன்றியத்தின் கிளைகள், எந்தக் கட்சியைச் சேர்ந்தவையானாலும், வேட்பாளர் பெயரையும் காரணத்தையும் தங்கள் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்திட்டு, ஒரு படியை ஊர் மக்கள் முன் படிக்கட்டும். ஒன்றியம் வேறொருவரைத் தேர்ந்தால், அதன் காரணத்தையும் அதே மக்கள் முன் சொல்லட்டும்.