வளரும் விரல்

புத்தூர் கட்டுப் பலகையைச் சென்னையில் எத்தனை தெருக்களில் பார்த்தோமோ, ஹைதராபாத்துக்குக் குடிவந்த பிறகும் அத்தனை தெருக்களில் பார்க்கிறோம். முறிந்த எலும்பைக் கட்டிவைத்தால் கூடிவிடும் என்பது இரண்டு ஊர்க்காரர்களுக்கும் தெரிந்த சங்கதி. ஜீடிமெட்லாவிலோ பாலாநகரிலோ பிரஸ் மெஷினுக்குக் கட்டைவிரலைப் பறிகொடுத்துவிட்டு வருகிறவர் கேட்பது வேறு கேள்வி: "போன விரல் திரும்ப வருமா?" நகமும் கணுவும் வராது. ஆனால் மிஞ்சிய எலும்பை நீளவைத்து, பிடிக்கக்கூடிய ஒரு கட்டைவிரலைத் தர முடியும். நம் ஹைதராபாத் தமிழர் விழா மலரில் அந்த வைத்தியத்தின் கதையையும், அதைத் தாங்கி நிற்கும் நிலையங்களின் கதையையும் எழுதிவைக்க ஆசைப்படுகிறேன்.

கையின் வேலையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் கட்டைவிரலுடையது என்று மருத்துவர்கள் கணக்குச் சொல்வார்கள். நமக்கு அந்தக் கணக்கு சாப்பாட்டு இலையிலேயே புரியும். நாலு விரல் சோற்றை அள்ளும். அதை வாய்க்குள் தள்ளிவிடுவது கட்டைவிரல். அது இல்லாதவர் பந்தியில் உட்காரவே கூச்சப்படுவார்.

எலும்பை இழுத்து நீட்டும் முயற்சி 1905இலேயே இத்தாலியின் பொலோனாவில் கோடிவில்லா என்ற மருத்துவரால் தொடை எலும்பில் நடந்தது. ஒரேயடியாக இழுத்ததால் தசையும் நரம்பும் தாங்கவில்லை. 1950களில் சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசரோவ் என்ற மருத்துவர் அதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தார். எலும்பை வெட்டி, சில நாள் விட்டு, நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் பிரித்தால், இடைவெளியில் புது எலும்பு தானே ஊறிவருகிறது. ரத்தக் குழாய், நரம்பு, தோல் எல்லாம் கூடவே வளர்கின்றன. இதே தத்துவத்தைக் கட்டைவிரலின் உள்ளங்கை எலும்பில் செய்துகாட்டியவர் பல்கேரியாவின் இவான் மாத்தேவ். அவருடைய கட்டுரை 1970இல் வெளிவந்தது.

அடுத்த ஆண்டே, 1971இல், சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கைக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். வடசென்னைக்காரர்களுக்கு அது இன்னமும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரிதான். 18ஆம் நூற்றாண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்தில் பிறந்த பெயர். சுற்றிலும் பட்டறைகள், அச்சகங்கள், துறைமுகம். நசுங்கிய கைகள் அங்கே வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. அவற்றுக்கென ஒரு வார்டு வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதுதான் பெரிய காரியம். விரல்நுனி சாய்வாக வெட்டுப்பட்டால் அருகிலுள்ள தோலையே முக்கோணமாக நகர்த்தி மூடும் அவருடைய முறை, 1980இல் உலக இதழில் வெளியாகி, பிற நாடுகளின் பாடநூல்களிலும் ஏறியது. நீளம் போய்விட்ட பிறகு நீட்டுவது ஒருபுறம் இருக்கட்டும், இருக்கிற நீளத்தில் ஒரு மில்லிமீட்டரைக்கூட இழக்காதே என்று சொன்ன முறை அது. அந்தப் பிரிவு பின்னர் கை ஆராய்ச்சி மறுவாழ்வு நிலையமாக வளர்ந்தது. 2018 பிப்ரவரியில் விபத்தில் இரு கைகளையும் இழந்த ஒருவருக்குக் கொடையாளரின் கைகளைப் பொருத்தியது.

அதற்கும் முன்பே வேலூரில் பால் பிராண்ட் என்ற மருத்துவர் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை 1948 முதல் நிமிர்த்திக்கொண்டிருந்தார். அறுவைக்குப் பிறகு பயிற்சி இல்லையென்றால் அறுவையே வீண் என்பதைத் தமிழ்நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர் என்பேன். மும்பையில் பி. பி. ஜோஷி மெல்லிய கம்பிகளையும் சிறு இணைப்புகளையும் வைத்து 'ஜெஸ்' என்ற வெளிச்சட்டத்தை உருவாக்கினார். விரலுக்குப் பொருந்தும் அளவு, ஏழைக்குக் கட்டுப்படியாகும் விலை. நம் நாட்டில் விரலெலும்பை நீட்டும் வேலை பரவியதில் அந்தச் சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

வைத்தியம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். எலும்புறை கிழியாமல் எலும்பை மட்டும் வெட்டி, இருபுறமும் கம்பி செருகிச் சட்டம் மாட்டுகிறார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் சும்மா இருக்க வேண்டும். பிறகு திருகு நோயாளியின் கைக்கு வந்துவிடுகிறது. காலையில் கால் சுற்று, மதியம் கால் சுற்று, சாயங்காலம் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. நாலும் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். சிறிய விரல்களுக்கு அதிலும் பாதி. பிறவியிலேயே விரல் குட்டையான குழந்தை என்றால் அம்மா திருகுகிறார். கம்பி நுழையும் இடத்தை அன்றாடம் உப்புநீரால் துடைக்க வேண்டும், சீழ் கட்டிவிடக் கூடாது. மூன்று சென்டிமீட்டர் நீள ஒரு மாதம். அந்தப் பஞ்சு போன்ற எலும்பு இறுக இன்னும் இரண்டு மூன்று மாதம். இடையில் மூட்டு விறைத்துப்போகாமல் பயிற்சி. வெட்டிய மருத்துவரின் வேலை ஒரு மணி நேரம் என்றால், நோயாளியும் பயிற்சியாளரும் சேர்ந்து உழைப்பது நூறு நாளுக்கு மேல். எனவேதான் தனித் திறமைசாலி ஒருவர் இருந்தால் போதாது, ஒரே கூரையின்கீழ் எல்லாரும் இருக்கும் நிலையம் வேண்டும் என்கிறேன்.

ஹைதராபாத்துக்கு அந்த அடித்தளம் உண்டு. பஞ்சாகுட்டாவில் நிஜாம் அறக்கட்டளை எழுப்பிய எலும்பு மருத்துவமனைதான் 1980களில் நிஜாம் மருத்துவ அறிவியல் நிலையமாக (நிம்ஸ்) உருமாறியது. அன்றைய முதலமைச்சர் என்.டி.ராமாராவ் அழைத்ததால் அமெரிக்காவிலிருந்து திரும்பி அதன் முதல் இயக்குநரானவர் காகர்ல சுப்பாராவ். எலும்புகளின் எக்ஸ்ரே படங்களை வாசிப்பதில் வல்லவர். நீளும் விரலை வாராவாரம் கண்காணிப்பது அந்தப் படங்கள்தாம்.

தமிழ்ச் சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பட்டறையில், பக்கத்து வீட்டில், விரல் போனவர் யாரேனும் இருந்தால், பழைய காயம்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஆறிப்போன எலும்பையும் நீட்ட முடியும். கை சிகிச்சைப் பிரிவுக்கு ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள்.