பழைய குழி சொன்ன சேதி

கே.ஜி.எஃப். என்றதும் இப்போது பிள்ளைகளுக்குச் சினிமாதான் ஞாபகம் வருகிறது. என்ன செய்ய! நான் சொல்ல வந்தது அந்தப் படத்துக் காலத்துக்கும் வெகு முந்தைய கதை.

1802-ல் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற பட்டாளத்து அதிகாரி, அந்தப் பக்கத்து மண்ணில் தங்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டார். காட்டினால் பரிசு என்று அறிவித்தார். ஊர்க்காரர்கள் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரிலேயே கழுவிக் காட்டினார்கள், பொன் துகள் மின்னியது. பழங்காலத்துச் சுரங்கக் குழிகளையும் பார்த்து எழுதிவைத்தார். இடையில் சிலர் தோண்டிப் பார்த்துக் கைவிட்டார்கள்.

1871 வாக்கில் லவெல் என்பவர் கண்ணில் வாரனின் குறிப்பு பட்டது. நியூசிலாந்துப் போருக்குப் போய்வந்து பெங்களூரில் ஓய்வாக இருந்த சிப்பாய். 1873-ல் உரிமம் கேட்டு மனுப் போட்டார். பின்னால் லண்டன் கம்பெனிகள் வந்தன, பணம் கரைந்தது, ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. மைசூர் கம்பெனியின் கையில் மிஞ்சியது 13,000 பவுண்டு. பங்குதாரர்களில் பலர் இழுத்து மூடிவிடலாம் என்றார்கள். ஜான் டெய்லர் நிறுவனத்தார் கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று கேப்டன் பிளம்மரை அனுப்பினார்கள். (கேப்டன் என்றால் ராணுவம் இல்லை. இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கம் சுரங்க மேற்பார்வையாளரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) அவர் பழைய குழிகள் இருந்த இடத்திலேயே இன்னும் ஆழமாக இறங்கினார். சாம்பியன் படிவம் அகப்பட்டது!

இதைப் படித்தபோது எனக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்து நார்மன் மேயரின் 1931 பரிசோதனைதான் நினைவுக்கு வந்தது. கூரையிலிருந்து இரண்டு கயிறுகள் தொங்கும், இரண்டையும் சேர்த்துக் கட்டவேண்டும். ஒன்றைப் பிடித்தால் மற்றது எட்டாது. முழிப்பவர்கள் முன்னால் மேயர் தற்செயல்போல ஒரு கயிற்றை உரசிவிட்டு நடப்பார், கயிறு ஆடும். கொஞ்ச நேரத்தில் பலர் இடுக்கியைக் கயிற்றில் கட்டி ஊஞ்சல் மாதிரி ஆட்டிவிட்டார்கள். எப்படித் தோன்றியது என்று கேட்டால், கயிறு ஆடியதைச் சொன்னவர்கள் குறைவு. தானாகத் தோன்றியதாம் :-)

முட்டிக்கொண்டு நின்றால் கொஞ்சம் விட்டுப் பிடி, விடை வரும் என்பார்கள். கோலாரில் எழுபது வருஷம் விட்டுப் பார்த்தும் சும்மா ஒன்றும் வரவில்லை. அந்த இடைவெளியில் நல்ல இயந்திரங்கள் வந்தன, அது உண்மை. ஆனால் எங்கே இறங்குவது என்பதைக் குழிகள் முன்பே சொல்லியிருந்தன. அவற்றை வெட்டியவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. வாரன், லவெல், பிளம்மர் பெயர்கள் மட்டும் புத்தகத்தில் நிற்கின்றன.

பிறகு வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் போய் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள்.